மூலநிரல் யாருக்குச் சொந்தம்? ஃப்ரீலான்ஸ் வேலைக்கு விலை சொல்லும் முன் பேசி முடிக்க வேண்டியவை

மூன்று ஆண்டுகளாக எழுதிச் சேர்த்த நிரல் தொகுப்பு ஒன்றை ஒரே ஒரு வரியில் கையொப்பமிட்டு இழந்தவன் நான். ஒரு நிறுவனத்துக்கு முன்பதிவு மென்பொருள் செய்து கொடுத்தபோது, பயனர் நுழைவு, அனுமதிகள், அறிக்கை அச்சிடல் ஆகிய பகுதிகளை ஏற்கெனவே என்னிடம் இருந்த தொகுப்பிலிருந்து எடுத்துப் பொருத்தினேன். "இப்பணியின் பகுதியாக ஒப்படைக்கப்படும் அனைத்தும் வாடிக்கையாளரின் முழு உடைமை" என்று ஒப்பந்தத்தில் இருந்த வரியைப் படித்தேன். அது என் பழைய தொகுப்பையும் சேர்த்து வாரிக்கொண்டு போகும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஏழு மாதங்கள் கழித்து அதே அறிக்கைப் பகுதியை வேறொருவரின் வேலையில் பயன்படுத்தியபோது, முதல் நிறுவனத்தின் வழக்கறிஞரிடமிருந்து கடிதம் வந்தது. எழுதப்பட்டிருந்ததன்படி அவர்கள் பக்கமே சரி. அந்தப் பகுதியைப் பழைய கோப்பைத் திறந்தும் பார்க்காமல் முதலிலிருந்து எழுதிக் கொடுக்க ஐந்து வாரங்கள் ஊதியமின்றி உழைத்தேன். அதே காலத்தில் அந்நிறுவனம் நான் செய்த மென்பொருளைத் தன் தொழிலில் இருக்கும் பிறருக்கு விற்றுக்கொண்டிருந்தது. அதில் எனக்குப் பங்கு எதுவும் இல்லை, ஏனென்றால் நான் கேட்கவே இல்லை.

இந்த இரண்டு இழப்புகளையும் தவிர்த்திருக்க அதிகம் போனால் இரண்டு மணி நேரப் பேச்சும் நான்கு பக்கக் காகிதமும் போதுமானதாக இருந்திருக்கும். புதிதாக ஃப்ரீலான்ஸ் வேலையில் இறங்குவோர் அந்த இரண்டு மணி நேரத்தை எப்படிச் செலவிட வேண்டும் என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன். நான் நிரலாளன், வழக்கறிஞன் அல்லன். ஆகவே உங்கள் முதல் ஒப்பந்த மாதிரியை மட்டுமாவது ஒரு வழக்கறிஞரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். ஒருமுறை செய்யும் அந்தச் செலவு அடுத்து வரும் எல்லா வேலைகளுக்கும் பயன்படும்.

1. சொற்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

தமிழில் பேசும்போது பலரும் பதிப்புரிமையைக் காப்புரிமை என்று சொல்லிவிடுகிறோம். காப்புரிமை என்பது கண்டுபிடிப்புக்கு விண்ணப்பித்துப் பெறுவது. எழுதிய நிரலுக்குத் தானாகவே கிடைப்பது பதிப்புரிமை. பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் அதைப் பெறப் பதிவு எதுவும் தேவையில்லை. நிரல் கோப்பில் எழுதப்பட்ட கணத்திலேயே அது பிறந்துவிடுகிறது. இந்தக் கட்டுரை முழுவதும் பேசுவது பதிப்புரிமையைப் பற்றியே.

அடுத்தது, உரிமை மாற்றத்துக்கும் உரிமத்துக்கும் உள்ள வேறுபாடு. உரிமை மாற்றம் என்றால் வீட்டை விற்பதுபோல: விற்ற பிறகு நீங்களே உள்ளே நுழைய அனுமதி கேட்க வேண்டும். உரிமம் என்றால் வாடகைக்கு விடுவதுபோல: வீடு உங்களுடையது, எத்தனை பேர், எவ்வளவு காலம், எந்த நோக்கத்துக்கு என்பதைப் பத்திரம் சொல்லும். உரிமத்திலும் எக்ஸ்க்ளூசிவ் உரிமம் என்றால் அதே பயன்பாட்டை வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் உங்களுக்கும் அந்தத் தடை பொருந்தும்.

மறுவிற்பனை உரிமை இவை இரண்டிலிருந்தும் தனியானது. பயன்படுத்தும் உரிமம் வாங்கியவருக்கு அதைப் பிறருக்கு விற்கும் உரிமை தானாக வந்துவிடாது. சப்லைசென்ஸ் (உரிமம் பெற்றவர் பிறருக்குத் தரும் துணை உரிமம்) கொடுக்கும் அனுமதியைத் தனியாக எழுதித் தர வேண்டும். ஆனால் முழு உரிமை மாற்றம் பெற்றவர் யாரிடமும் கேட்காமல் விற்கலாம். என் தவறு நடந்தது இந்த இடத்தில்தான்.

2. எதுவும் எழுதாவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

"பணம் கொடுத்தது நான், ஆகவே நிரல் என்னுடையது" என்று வாடிக்கையாளர் நம்புவார். "எழுதியது நான், ஆகவே என்னுடையது" என்று நீங்கள் நம்புவீர்கள். பல நாடுகளின் சட்டம் இரண்டாவது நம்பிக்கைக்கு நெருக்கமாக இருக்கிறது. ஆனாலும் பணம் கொடுத்தவருக்குப் பயன்படுத்தும் அனுமதி மறைமுகமாகக் கிடைத்ததாகவே நீதிமன்றங்கள் பெரும்பாலும் பார்க்கும். அந்த மறைமுக அனுமதியின் எல்லை எது என்பதில்தான் சண்டை தொடங்கும்.

நாட்டுக்கு நாடு உள்ள வேறுபாடு சிறியதன்று. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பணி ஒப்பந்தத்தின்கீழ் ஊழியர் எழுதியது முதலாளிக்கு உரியது. சுயேச்சையாக எழுதுபவரின் நிரல் பொதுவாக எழுதியவருக்கே உரியது. உரிமை மாற்றம் எழுத்திலும் கையொப்பத்துடனும் இருக்க வேண்டும். அச்சட்டத்தின் 19ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: காலம் குறிப்பிடாவிட்டால் மாற்றம் 5 ஆண்டுகளுக்கு என்றும், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். இது தெரிந்த வாடிக்கையாளர் "நிரந்தரமாக, உலகம் முழுவதும்" என்று எழுதித்தான் கொண்டுவருவார். அந்தச் சொற்களைக் கண்டு அஞ்ச வேண்டாம், அவற்றுக்கு விலை உண்டு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அமெரிக்க வாடிக்கையாளர்களின் ஒப்பந்தங்களில் "வேலைக்காக உருவாக்கப்பட்ட படைப்பு" என்ற தொடர் இருக்கும். ஊழியரல்லாதவரின் படைப்புக்கு அந்தத் தொடர் செல்லுபடியாக, அது சட்டம் பட்டியலிட்ட 9 வகைகளுள் ஒன்றில் அடங்க வேண்டும். மென்பொருள் அப்பட்டியலில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. சிற்பி ஒருவர் செய்து கொடுத்த சிலை தொடர்பான வழக்கில் 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அவர் ஊழியர் அல்லர், சுயேச்சையாக வேலை செய்தவர் என்று தீர்மானித்த பிறகு, வழக்கறிஞர்கள் அத்தொடருக்குக் கீழேயே "அவ்வாறு கருதப்படாவிட்டால் இதன்மூலம் உரிமை மாற்றப்படுகிறது" என்று கூடுதலாக ஒரு வரி சேர்க்கிறார்கள். உங்கள் உரிமையை உண்மையில் கொண்டுபோவது பெரும்பாலும் அந்த இரண்டாம் வரிதான். பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சட்டமும் மாற்றத்துக்குக் கையொப்பமிட்ட எழுத்தைக் கேட்கிறது. ஜெர்மனியில் ஆசிரியர் உயிரோடு இருக்கும்போது பதிப்புரிமையை மாற்றிக் கொடுக்கவே முடியாது. பயன்பாட்டு உரிமைகளைத்தான் கொடுக்க முடியும்.

ஆகவே ஒப்பந்தத்துக்கு எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்ற வரியை முதலில் தேடிப் படியுங்கள். வேலை ஒரு ஃப்ரீலான்ஸ் தளத்தின் வழியாக வந்திருந்தால் அத்தளத்தின் விதிகளையும் படிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, அப்வொர்க் தளம் தரும் மாதிரி ஒப்பந்த விதிகளில், முழுத் தொகை கிடைத்ததும் வேலையின் உரிமை வாடிக்கையாளருக்குப் போய்விடுகிறது. இரு தரப்பும் வேறுவிதமாக எழுதிக்கொள்ளவும் அங்கே இடம் உண்டு. நீங்கள் எதுவும் எழுதாவிட்டால் மாதிரி விதியே நிற்கும்.

3. நிரலை மூன்று குவியல்களாகப் பிரித்துப் பட்டியல் எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும் செய்வீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும். மென்பொருள் ஒரே பொருளாகத் தோன்றினாலும் அதற்குள் மூன்று வெவ்வேறு சொத்துகள் கலந்திருக்கின்றன.

முதல் குவியல், இந்த வாடிக்கையாளருக்காக மட்டுமே எழுதப்படுவது: அவருடைய தொழில் விதிகள், விலைக் கணக்கீடு, திரை வடிவமைப்பு, அவருடைய தரவு அமைப்பு. இதை முழுமையாக மாற்றிக் கொடுப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. வேறு எவருக்கும் அது பயன்படாது.

இரண்டாம் குவியல், நீங்கள் முன்பே வைத்திருந்தது, அல்லது இந்த வேலையின்போது எழுதினாலும் எல்லா வேலைக்கும் பொதுவானது: உள்நுழைவு, கோப்புப் பதிவேற்றம், அறிக்கை உருவாக்கம், பிழைப் பதிவு, நிறுவல் ஸ்கிரிப்டுகள். இதற்கு உரிமம் மட்டும் கொடுங்கள். நிரந்தரமான, கட்டணமில்லாத, ரத்து செய்ய முடியாத உரிமமாகவே கொடுக்கலாம். சொந்தம் உங்களிடம் இருக்கும்வரை அது தாராளமாக இருப்பதில் நஷ்டமில்லை.

மூன்றாம் குவியல், பிறருடையது: திறமூல லைப்ரரிகள் (மூலநிரல் வெளிப்படையாகக் கிடைக்கும் ஆயத்த நிரல் தொகுப்புகள்), விலைக்கு வாங்கிய டெம்ப்ளேட்டுகள், எழுத்துருக்கள், ஐகான்கள். இவற்றை உங்களால் யாருக்கும் மாற்றிக் கொடுக்க முடியாது. "அனைத்தும் வாடிக்கையாளருக்குச் சொந்தம்" என்று நீங்கள் கையொப்பமிட்டால், உங்களிடம் இல்லாத ஒன்றை விற்றதாக ஆகிவிடும்.

மூன்றாம் குவியலைப் பார்க்கும்போது மறுவிற்பனையை மனத்தில் வைத்துப் பாருங்கள். எம்ஐடி என்ற திறமூல உரிமத்தில் உள்ளவற்றுக்குப் பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்காமல் வைத்திருந்தால் போதும். அப்பாச்சி 2.0 உரிமமும் வணிகத்துக்கு இடையூறு செய்யாது. மாற்றிய கோப்புகளில் மாற்றியதாகக் குறிப்பிட வேண்டும். ஜிபிஎல் உரிமத்தில் உள்ளதை உங்கள் நிரலோடு சேர்த்து விநியோகித்தால், சேர்ந்த முழுமைக்கும் அதே உரிமத்தில் மூலநிரலைத் தர வேண்டிய கடமை வரும். தன் அலுவலகத்துக்குள் மட்டும் பயன்படுத்தும் வாடிக்கையாளருக்கு இது தொல்லையாகாமல் போகலாம். அதே வாடிக்கையாளர் நாளை பிரதிகளை விற்கத் தொடங்கினால் பெரும் தொல்லையாகும். ஏஜிபிஎல் இன்னும் ஒரு படி மேலே போய், மாற்றியமைத்த நிரலை இணையச் சேவையாக வழங்கினாலே அச்சேவையைப் பயன்படுத்துவோருக்கு மூலநிரலைத் தரும் கடமையை விதிக்கிறது.

உரிமக் கோப்பே இல்லாத பொது ரெப்போக்களிலிருந்து (இணையத்தில் யாரும் பார்க்கக்கூடிய நிரல் களஞ்சியங்களிலிருந்து) எதையும் எடுக்காதீர்கள். உரிமம் எழுதப்படவில்லை என்றால் இலவசம் என்று பொருளில்லை, எல்லா உரிமைகளும் எழுதியவரிடமே இருக்கின்றன என்று பொருள். நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் பதில்களிலிருந்து நீளமான துண்டுகளை ஒட்டும் பழக்கமும் ஆபத்தானது. அவை கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத்தின் பெயர் குறிப்பிடல், அதே உரிமத்தில் பகிர்தல் என்ற நிபந்தனைகளோடு வருகின்றன.

இந்தப் பட்டியலை உருவாக்க எனக்கு இப்போது அரை நாள் ஆகிறது. என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட்), பைதான் தொகுப்புகளின் உரிமங்களைத் தானாகப் பட்டியலிடும் கருவிகள் இருக்கின்றன. அவை தரும் பட்டியலைக் கண்ணால் ஒருமுறை சரிபார்த்தால் போதும். இரண்டாம் குவியலுக்குத் தனி ரெப்போ வைத்து, வேலை தொடங்கும் முன் அதில் பதிப்பு எண் இட்டு, அந்தக் கமிட்டின் (அப்போது ரெப்போவில் சேமித்த பதிவின்) அடையாள எண்ணை ஒப்பந்தத்தின் இணைப்பில் எழுதிவிடுங்கள். "இது முன்பே என்னிடம் இருந்தது" என்று பின்னால் வாய்மொழியாகச் சொல்வதைவிட அந்த ஒரு வரி பலமடங்கு உறுதியானது.

4. வாடிக்கையாளரின் அச்சத்தைக் கேட்டறியுங்கள்

"முழு உரிமையும் வேண்டும்" என்பவரிடம் உடனே ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டாம். எதற்காக என்று கேளுங்கள். என் அனுபவத்தில் அந்தக் கோரிக்கைக்குப் பின்னால் மூன்று அச்சங்களே மீண்டும் மீண்டும் இருந்திருக்கின்றன, மூன்றுக்கும் முழு உரிமையை விடச் சிறிய தீர்வு உண்டு.

நீங்கள் நாளை காணாமல் போனால் மென்பொருள் நின்றுவிடுமே என்பது முதல் அச்சம். மூலநிரலின் பிரதியும், அதைத் தானோ தான் அமர்த்தும் வேறு நிரலாளரோ திருத்திக்கொள்ளும் அனுமதியும் உரிமத்தில் இருந்தால் அது தீர்ந்துவிடும். மூலநிரலைக் கொடுக்க நீங்கள் தயங்கினால் எஸ்க்ரோ ஏற்பாடு உண்டு: மூன்றாம் தரப்பு ஒன்று நிரலைப் பாதுகாத்து, நீங்கள் திவாலானாலோ பராமரிப்பை நிறுத்தினாலோ மட்டும் அதை வெளியிடும். அதற்கு ஆண்டுக் கட்டணம் ஆகும், சிறிய வேலைகளுக்கு அது பொருந்தாது. கட்டணத்தை யார் ஏற்பது என்பதையும் எழுத வேண்டும்.

இரண்டாவது, இதையே என் போட்டியாளருக்கு விற்றுவிடுவீர்களே என்பது. இதற்குத் துறையும் காலமும் வரையறுத்த கட்டுப்பாடு போதும்: இன்ன தொழிலில் இருப்போருக்கு, இன்ன செயல்பாடு கொண்ட மென்பொருளை, 12 மாதங்களுக்குச் செய்து தர மாட்டேன். துறையைக் குறுகலாக எழுதுங்கள். "ஒத்த தொழில்கள்" என்ற சொல் உள்ளே வந்தால் உங்கள் பிழைப்பே அதற்குள் அடைபட்டுவிடும்.

மூன்றாவது அச்சம், முதலீட்டாளரோ நிறுவனத்தை வாங்குபவரோ வந்து கேட்கும்போது காட்டக் காகிதம் இல்லையே என்பது. இது உண்மையான தேவை. முதலீட்டுக்கு முன் நடக்கும் ஆவணச் சோதனையில் இக்கேள்வி கட்டாயம் வரும். முதல் குவியலுக்கு முழு மாற்றமும், இரண்டாம் குவியலுக்கு ரத்து செய்ய முடியாத, நிறுவனம் கைமாறினாலும் கூடவே செல்லும் உரிமமும் எழுதிக் கொடுத்தால் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள்.

5. உரிமைக்குத் தனி விலை போடுங்கள்

கொட்டேஷனில் ஒரே தொகையைக் காட்டாதீர்கள். வேலைக்கான தொகை ஒரு வரியிலும், உரிமைக்கான தொகை இன்னொரு வரியிலும் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால், தள்ளுபடி கேட்கப்படும்போது எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பது உங்களுக்கே தெரியாமல் போகும்.

இரண்டாம் குவியலையும் சேர்த்து வேண்டும் என்று வற்புறுத்துபவருக்கு நான் கணக்கிடும் முறை இது. அந்தப் பகுதியை முதலில் எழுத 60 மணி நேரம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். புதிய வேலை ஒன்றில் பொருத்த 8 மணி நேரம் போதும், ஆக ஒவ்வொரு மறுபயன்பாட்டிலும் 52 மணி நேரம் மிச்சம். அடுத்த இரண்டு ஆண்டுகளில் 3 வேலைகளில் பயன்படும் என்றால் 156 மணி நேரம். அந்த வேலைகள் வருவது உறுதியில்லை என்பதால் பாதியை, அதாவது 78 மணி நேரத்துக்கான என் கட்டணத்தை, உரிமை விலையாகக் கேட்கிறேன். இக்கணக்கை வாடிக்கையாளருக்கு அப்படியே காட்டுவேன். வற்புறுத்தியவர்களில் பெரும்பாலோர் அதைப் பார்த்த பிறகு உரிமமே போதும் என்றார்கள். முழுத் தொகையையும் கொடுத்து வாங்கிக்கொண்டவரும் உண்டு, அவரோடும் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை.

வரியைப் பற்றி ஒன்று. நாடு கடந்த வேலைகளில், சேவைக் கட்டணமும் ராயல்டியும் (உரிமையைப் பயன்படுத்துவதற்கான பங்குத் தொகையும்) பல வரி ஒப்பந்தங்களில் வெவ்வேறு விதமாக நடத்தப்படுகின்றன. பணம் அனுப்புபவர் பிடித்தம் செய்யும் விழுக்காடும் அதனால் மாறலாம். இன்வாய்ஸில் எந்தச் சொல்லை எழுதுவது என்று கணக்காளரிடம் கேட்ட பிறகு எழுதுங்கள்.

6. மறுவிற்பனையை வரையறுக்காமல் விடாதீர்கள்

இன்று தன் அலுவலகத்துக்கு மட்டும் என்று சொல்பவர் நாளை அதைப் பொருளாக்கி விற்க நினைப்பது இயல்பு, அதில் குற்றமும் இல்லை. குற்றம் இருப்பது அப்படியொரு நாள் வரும் என்று எழுதாமல் விடுவதில். நான்கு நிலைகளைப் பிரித்து, எதுவரை அனுமதி என்று குறியுங்கள்: தன் நிறுவனத்துக்குள் பயன்படுத்துவது, தன் கிளை, துணை நிறுவனங்களுக்குக் கொடுப்பது, பிறருக்குச் சந்தா முறையில் இணையச் சேவையாக வழங்குவது, மென்பொருளையோ மூலநிரலையோ பிரதியாக விற்பது. மூன்றாவது நிலையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். "பிரதிகளை விற்கக் கூடாது" என்று மட்டும் எழுதினால், பிரதி எதையும் விற்காமலேயே நூறு நிறுவனங்களுக்குச் சேவையாக வழங்க முடியும்.

அனுமதிப்பதென்றால் பங்கு எப்படி என்பது அடுத்த கேள்வி. விழுக்காடாகக் கேட்பதைவிடப் பிரதி ஒன்றுக்கு, அல்லது சந்தாதாரர் ஒருவருக்கு மாதத்துக்கு, இவ்வளவு என்று நிலையான தொகையை நான் விரும்புகிறேன். விழுக்காட்டில் இரண்டு குழிகள் இருக்கின்றன. "நிகர வருவாயில்" என்ற சொல் வந்தால் எந்தச் செலவையெல்லாம் கழிக்கிறார்கள் என்பது அவர்கள் கையில் போய்விடும். மற்றொன்று, உங்கள் மென்பொருளை வேறொரு பொருளோடு இலவசமாகச் சேர்த்துக் கொடுத்துவிட்டால், சுழியத்தில் எத்தனை விழுக்காடு இருந்தாலும் சுழியம்தான். விழுக்காடே வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தால், மொத்த விற்பனை விலையில் கணக்கிடுவதாகவும், பிரதி ஒன்றுக்குக் குறைந்தபட்சத் தொகை உண்டு என்றும் எழுதுங்கள்.

காலாண்டுக்கு ஒருமுறை விற்பனை அறிக்கை, அறிக்கை தந்த 30 நாட்களுக்குள் பணம், ஆண்டுக்கு ஒருமுறை கணக்கைப் பார்வையிடும் உரிமை ஆகிய மூன்றும் இல்லாத ராயல்டி வாசகம் வெறும் வாக்குறுதியே. எக்ஸ்க்ளூசிவ் உரிமம் கேட்பவரிடம் ஆண்டுக்குக் குறைந்தபட்சத் தொகை ஒன்றையும் ஒப்புக்கொள்ளச் சொல்லுங்கள். அது எட்டப்படாத ஆண்டில் உரிமம் தானாகவே எக்ஸ்க்ளூசிவ் அல்லாததாக மாறிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவர் விற்கவும் மாட்டார், உங்களை விற்கவும் விட மாட்டார்.

இன்னும் ஒன்று, கசப்பான அனுபவத்தில் கற்றது: அவரிடம் வாங்கியவர்களின் பிழைப் புகார்கள் உங்களிடம் வந்து சேரும். பராமரிப்பு உங்கள் நேரடி வாடிக்கையாளருக்கு மட்டுமே, அவரிடம் வாங்கியவர்களுக்கு அவரே பொறுப்பு என்று எழுதிவிடுங்கள்.

7. வாசகத்தைச் சுருக்கமாக, காரியத்துக்கு ஏற்றதாக எழுதுங்கள்

என் மாதிரியில் உள்ள நான்கு வரிகளைத் தருகிறேன். இவற்றில் வரும் அ, ஆ, இ இணைப்புகள் முறையே மேலே பிரித்த மூன்று குவியல்களின் பட்டியல்கள். எந்த மொழியில் ஒப்பந்தம் இருந்தாலும் இந்தப் பொருள் இருக்க வேண்டும்.

"இணைப்பு அ-வில் பட்டியலிட்ட, வாடிக்கையாளருக்கெனத் தனியாக உருவாக்கப்பட்ட நிரலின் பதிப்புரிமை, ஒப்புக்கொண்ட முழுத் தொகையும் நிரலாளருக்குக் கிடைத்த நாளில் வாடிக்கையாளருக்கு மாற்றப்படுகிறது."

"இணைப்பு ஆ-வில் பட்டியலிட்ட நிரலும், அதில் இப்பணியின்போது செய்யப்படும் மேம்பாடுகளும் நிரலாளருக்கே சொந்தம். வாடிக்கையாளர் அதை இம்மென்பொருளின் பகுதியாகப் பயன்படுத்தவும் திருத்தவும் நிரந்தரமான, கட்டணமற்ற, எக்ஸ்க்ளூசிவ் அல்லாத உரிமம் பெறுகிறார். தனியாகப் பிரித்து விற்கும் உரிமை இதில் அடங்காது."

"இணைப்பு இ-யில் உள்ள மூன்றாம் தரப்பு நிரல்கள் அவற்றின் சொந்த உரிமங்களுக்கு உட்பட்டவை."

"முழுத் தொகை கிடைக்கும்வரை, வாடிக்கையாளர் மென்பொருளைச் சோதித்துப் பார்க்க மட்டும் அனுமதிக்கப்படுகிறார்."

இரண்டாவது வரியில் "மேம்பாடுகளும்" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் பழைய தொகுப்பு உங்களுடையதாகவும் அதன் புதிய, நல்ல பதிப்பு அவருடையதாகவும் பிரிந்துபோகும்.

8. பணம் வரும் நாளையும் உரிமை போகும் நாளையும் இணையுங்கள்

உரிமை "உருவாகும் கணத்திலேயே" வாடிக்கையாளருக்குப் போகும் என்று பல நிறுவனங்களின் ஒப்பந்தம் சொல்லும். கடைசித் தவணை வராமல் போனால் உங்கள் கையில் எதுவுமே மிஞ்சாது. முழுத் தொகை வந்த பின் மாற்றம் என்பதில் உறுதியாக இருங்கள். நீண்ட வேலை என்பதால் அவர் தயங்கினால், ஒவ்வொரு தவணைக்கும் உரிய பகுதி அந்தத் தவணை வந்ததும் மாறும் என்று பிரித்துக்கொள்ளலாம். அது இரு தரப்புக்கும் நியாயமானது.

இந்தப் பேச்சு எல்லாம் கொட்டேஷன் அனுப்பும் முன்பே நடக்க வேண்டும். முன்பணம் வாங்கிய பின் எழுப்பினால் விலையை ஏற்றப் பார்க்கிறீர்கள் என்று தோன்றும். வேலை முடிந்த பின் எழுப்பினால் மிரட்டுகிறீர்கள் என்று தோன்றும். எனக்கு இப்போது முதல் பேச்சிலிருந்து கையொப்பம் வரை பத்து நாட்கள் ஆகின்றன, அந்தப் பத்து நாட்களையும் வேலைக் காலத்தில் சேர்த்தே தேதி சொல்கிறேன்.

9. கையொப்பமிடும் முன் தேட வேண்டிய பொறிகள்

"தொடர்புடைய", "இதன் போக்கில் உருவாகும்", "முன்பு இருந்தவை உட்பட" ஆகிய சொற்களை ஒப்பந்தத்தில் தேடுங்கள். ஒவ்வொன்றும் இரண்டாம் குவியலை விழுங்கக்கூடியது.

மின்னஞ்சலில் கவனம் தேவை. "சரி, எல்லாம் உங்களுடையதுதான்" என்று நல்லெண்ணத்தில் எழுதும் ஒரு வரி, பெயரோடு முடிந்தால், சில நாடுகளில் கையொப்பமிட்ட எழுத்தாகவே கருதப்படலாம்.

நண்பரிடம் ஒரு பகுதியைச் செய்யச் சொல்லியிருந்தால், அவர் எழுதியதன் உரிமையை முதலில் அவரிடமிருந்து எழுத்தில் பெறுங்கள். உங்களுக்கு வராததை நீங்கள் கடத்திவிட முடியாது. முழுநேர வேலையில் இருந்துகொண்டு பகுதிநேரமாக எழுதுவோர், தங்கள் பணி ஒப்பந்தம் வேலை நேரத்துக்கு வெளியே எழுதுவதையும் முதலாளிக்கு உரியதாக்குகிறதா என்று பார்த்த பின்னரே எந்த வாக்கும் கொடுக்க வேண்டும்.

"அனைத்து நிரலும் நிரலாளரின் சொந்தப் படைப்பு" என்ற உறுதிமொழியும் கவனிக்க வேண்டியது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளின் உதவியோடு எழுதுபவர்கள் இதில் அப்படியே கையொப்பமிடக் கூடாது; மனிதப் படைப்பாற்றல் இல்லாமல் உருவானதற்குப் பதிப்புரிமை கிடையாது என்பது அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் நிலைப்பாடு. எந்தப் பகுதியில் அக்கருவிகளைப் பயன்படுத்தினீர்கள் என்பதை வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லி, வாசகத்தை அதற்கேற்ப மாற்றச் சொல்லுங்கள். இழப்பீடு பற்றிய வாசகத்தில் உங்கள் பொறுப்பின் உச்சவரம்பு இந்த வேலைக்குப் பெற்ற தொகைக்கு மேல் போகாது என்று இருக்கட்டும். வேலையை உங்கள் முந்தைய பணிகளின் பட்டியலில் காட்டும் அனுமதியையும் இதே இடத்தில் கேட்டுவிடுங்கள். ரகசியம் காக்கும் ஒப்பந்தம் பின்னால் வந்தால் அதைக் கேட்க இடம் இருக்காது.

10. ஒப்படைக்கும் நாளில் சேர்த்து வைக்க வேண்டியவை

கையொப்பமிட்ட ஒப்பந்தம், மூன்று இணைப்புகளின் இறுதிப் பதிப்பு, ஒப்படைத்த கமிட்டின் அடையாள எண், ஒவ்வொரு இன்வாய்ஸும் பணம் வந்ததற்கான வங்கிச் சான்றும், உதவியாளர்களிடமிருந்து பெற்ற உரிமை மாற்றங்கள் ஆகியவற்றை ஒரே கோப்புறையில் வையுங்கள். வேலையின் நடுவே புதிய லைப்ரரிகள் சேர்ந்திருக்கும், இரண்டாம் குவியலும் வளர்ந்திருக்கும்; ஆகவே இணைப்புகளை ஒப்படைக்கும் நாளில் புதுப்பித்து மீண்டும் இருவரும் கையொப்பமிட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் தொடக்கத்தில் உழைத்து எழுதிய பட்டியல் பாதிப் பயன்தான் தரும்.

கடைசித் தொகை வந்ததும் ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள்: இன்ன தேதியில் முழுத் தொகை பெறப்பட்டது, இணைப்பு அ-வின் உரிமை அன்றிலிருந்து உங்களுடையது, இணைப்பு ஆ-வுக்கான உரிமம் நடப்பில் இருக்கிறது. நன்றாகப் பழகும் வாடிக்கையாளர் இதை வரவேற்பார், ஏனென்றால் முதலீட்டாளர் கேட்கும்போது அவர் எடுத்துக் காட்டப் போவது இந்தக் கடிதத்தையே. மறுவிற்பனை அனுமதி கொடுத்திருந்தால், முதல் காலாண்டு அறிக்கை வர வேண்டிய தேதியையும் அதே கடிதத்தின் இறுதியில் எழுதி, உங்கள் நாட்காட்டியிலும் குறித்துக்கொள்ளுங்கள்.